மலை ஏறும் சைக்கிளும் அப்பாவின் வலது கையும்

குமாருக்கு,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கையில், மாற்றுப் புடவை இரண்டை மட்டும் பையில் திணித்துக்கொண்டு, நான் நோணாங்குப்பத்துக்கு உன் அக்கா மலர் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ இரண்டு தடவை வந்து கூப்பிட்டாய். முதல் தடவை தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். இரண்டாம் தடவை, கூறைப்புடவை எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டாய். “பாக்கலாம்” என்றேன். அதற்குமேல் நேரில் சொல்ல வாய் வரவில்லை. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருபத்து நான்கு வருஷம் இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசிப் பழகியவள் நான். மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்த எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு அது ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோன விஷயமாக இருக்கும். நீ கிரீஸ் வாங்கப் போயிருந்தாய். சாந்தி என்னைப் பார்க்க வந்தாள். என் தம்பி மகள், உனக்கு முறைப்பெண், சின்ன வயதிலிருந்து வந்து போகிற வீடு. கல்யாணத்துக்கு முன்னால் வரலாமா கூடாதா என்று நாம் யாரும் பார்த்ததில்லை. பின்கட்டில் அப்பாவின் சைக்கிள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. நான்கு மாதமாக நீ அதோடு பாடுபடுவது அவளுக்கும் தெரியும். அது செய்யப்பட்ட காலத்தில் என்னென்ன சாமான் அதில் இருந்ததோ அதே சாமான்களைப் போட்டுத்தான் ஓட்டுவேன் என்று நீ பிடிவாதமாக இருப்பதும், கிடைக்காததைப் பட்டறையில் நீயே கடைந்து எடுப்பதும் தெரியும். கல்யாணத்தன்று சாயங்காலம் அவளை முன்னால் உட்கார வைத்துக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவேன் என்று நீதான் சொல்லியிருந்தாய். அந்தச் சந்தோஷத்தில் தன் பங்குக்கு ஏதாவது செய்ய நினைத்திருக்கிறாள். புளியும் செங்கல் தூளும் எடுத்து, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி அந்தச் சட்டத்தைத் தேய்த்துவிட்டாள். துரு போயிற்று. துருவோடு சேர்ந்து, அதில் தங்க நிறத்தில் இருந்த பிரெஞ்சு எழுத்தும் போயிற்று.

நீ வந்தாய். “யாரு இதத் தொட்டது?” என்று கேட்டாய். அவள் சிரித்துக்கொண்டே, “நான்தான். பளபளன்னு இருக்குதுல்ல,” என்றாள். நீ கத்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, எழுத்து இருந்த இடத்தில் வைத்து அழுத்தி, “படி. இங்க இன்னா எழுதியிருந்துச்சு, படி,” என்று சொல்லிச் சொல்லி முறுக்கினாய். கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. ரத்தம் சட்டத்தில் வழிந்தது. அவள் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கையை விட்டதும் நீ முதலில் என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? துணியை எடுத்து சைக்கிளைத் துடைத்தாய்.

நான் காபி டம்ளரோடு கதவருகில் நின்றேன். என்னைப் பார்த்ததும் சாந்தி கையைத் தாவணித் தலைப்பில் சுருட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்ல அத்த, வளையலு ஒடஞ்சிடுச்சு,” என்றாள். நான் காபியை நீட்டினேன். அவள் இடது கையால் வாங்கிக் குடித்தாள். நான் செய்தது அவ்வளவுதான். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தலைப்பைச் சுருட்டுகிற விதம் எனக்கு மிகவும் தெரிந்ததாக இருந்ததால் கால் நகரவில்லை. அது ஏன் என்று இப்போது சொல்லப்போகிறேன்.

உனக்கு அப்பா என்றால் மில் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மனுஷன். இடது கையால் சாப்பிடுகிறவர். வலது கை விரல்கள் மடங்காதவர். உன்னை ஒரு நாளும் கைநீட்டி அடிக்காதவர். அவர் செத்து நான்கு வருஷமாகியும் நீ அவரைப் பற்றிப் பேசும்போது உன் குரல் குழைந்துபோகும். என்னைப் பற்றிப் பேசும்போது அப்படிக் குழையாது. அதில் எனக்கு வருத்தம் சொல்ல உரிமை இல்லை. ஆனால் நீ பார்த்த அந்த மனுஷனுக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார். அவரை உனக்குத் தெரியாது. உனக்கு நான்கு வயது முடியும்போது அவர் இல்லாமல் போய்விட்டார்.

அப்போது அவர் மில்லில் பிட்டர். எந்த எந்திரம் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் வெள்ளைக்காரர் வீடுகளில் பம்பு, குழாய் ரிப்பேருக்குப் போவார். அதில் ஒரு மதாம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகும்போது, தோட்டத்தில் கிடந்த இந்தச் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனாள். தன் புருஷன் சின்ன வயதில் அவர்கள் ஊர் மலைகளில் இதில்தான் ஏறி இறங்கினான் என்று சொன்னாளாம். பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரம், கியர், கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். உப்புக்காற்று பாதி தின்றிருந்தது. பாலத்தைத் தவிர மேடே இல்லாத ஊரில் மலை ஏறும் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஏறுறதுக்கா வாங்கிக்கினு வந்தேன். இது எப்புடி இருந்துச்சோ அப்புடிப் பண்ணிக் காட்டுறேன் பாரு,” என்றார்.

முத்தியால்பேட்டை சைக்கிள் கடைக்காரர் வந்து பார்த்து, நம்மூர்ச் சாமானைப் போட்டு ஓட்டிவிடலாம் என்றார். உன் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நட்டு திருகி ஏறுகிற மரை நம்மூர் சைக்கிளுக்கெல்லாம் இங்கிலீஷ் மரையாம், இதற்குப் பிரெஞ்சு மரையாம். “மரை வேற. பலவந்தமா ஏத்துனா ஏறிடும், ஆனா உள்ள இருக்கிறது காலத்துக்கும் கெட்டுப்பூடும்,” என்றார். அப்படிச் சொன்ன வாய்தான், சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டை என் முகத்தில் எறிந்தது. அதே வாரம்தான். ஒரு துரு பிடித்த நட்டைக் கழற்ற மண்ணெண்ணெய் விட்டு மூன்று நாள் காத்திருப்பார். தினமும் விரலால் மெதுவாக அசைத்துப் பார்ப்பார், குழந்தையின் பல் ஆடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் கதவைத் திறக்க நான்கு தடவை தட்ட வேண்டி வந்தால், திறந்ததும் முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவார். என் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு மில்லில் விழுந்ததால் வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது நம் வீட்டு வாசற்கால்.

என் தப்பை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மனுஷன் சைக்கிள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அவரைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இத்தனை பொறுமை உள்ளே இருக்கிற ஆள், என்றைக்காவது ஒருநாள் அதில் கொஞ்சம் நமக்கும் தருவார் என்று நினைத்தேன். சைக்கிள் முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன். அதனால் நானும் தேடினேன். மில் விட்டு வரும்போது காயலான் கடைகளில் குனிந்து குனிந்து பார்ப்பேன். ஒருநாள் இடது பக்க பெடல் கிடைத்தது, அதே எழுத்தோடு. என் பித்தளைக் குடத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பக்கோடாவும் பூவும் வாங்கி வந்தார். மலரையும் உன்னையும் இரண்டு தோளில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார்.

மூன்றாம் நாள், அந்தப் பெடலை நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன் என்று வயிற்றில் உதைத்தார். உனக்குப் பின்னால் ஒன்று மூன்று மாதமாக என் வயிற்றில் இருந்தது. அன்று சாயங்காலம் அது போய்விட்டது. பின்கட்டில் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலர் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. என் தம்பி, உன் மாமன், பார்க்க வந்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். அவன் என் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்தான். “வழுக்குற எடம்னு தெரிஞ்சா பாத்து நடக்கணுங்கா,” என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் பார்த்து நடக்கத் தொடங்கினேன். பார்த்து நடந்தால் போதும் என்று நம்பினேன். அது இரண்டாவது தப்பு.

கடைசியில் கியர்ப் பல்சக்கரத்துக்குள் உட்காரும் எஃகுக் குண்டுகள் மட்டும் பாக்கி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த அளவு இங்கே கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா, அங்கே இருந்த தன் மகனுக்கு எழுதி வரவழைத்துக் கொடுத்தார். ஏழு மாதம் ஆயிற்று. உன் அப்பா அவற்றை ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருந்தார். மலர் அதை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பல்லாங்குழி ஆடினாள். சோழி தீர்ந்துவிட்டதாம். பத்து வயதுக் குழந்தை.

நான் மில் விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே ஒரு சத்தம். பலகையைக் கீழே போட்ட மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தால், மலர் சுவரோரம் சரிந்து கிடந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கி கவுன் பட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை. நீ கட்டிலுக்குக் கீழே புகுந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாய். உன் அப்பா அவளைப் பார்க்கவில்லை. தரையில் முட்டி போட்டு, வலது கையை விரித்து மண்ணைத் தடவித் தடவிக் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “ரெண்டு கொறையுது. ரெண்டு எங்க போச்சு, கேளுடி அவள,” என்றார்.

பக்கத்தில் சாக்கின் மேல் கிராங்க் கிடந்தது, பெடலைத் தாங்குகிற இரும்புக் கை. அதை எடுத்தேன். எடுத்தது எனக்குத் தெரியும், என்ன செய்யப்போகிறேன் என்பதும் தெரியும். ஏதோ சாமி வந்து செய்தது என்று சொல்ல மாட்டேன். தரையில் விரித்திருந்த அந்தக் கையின்மேல் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி அடித்தேன். கையை இழுத்துக்கொள்ள முயன்றார். முழங்கையின்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு மறுபடி அடித்தேன். முதல் அடி மலருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் அடித்ததெல்லாம் எனக்காக. இன்னும் ஒன்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. எனக்கு அது இனித்தது. இத்தனை வருஷமாக உடம்பில் கட்டிக்கிடந்தது எல்லாம் அந்த இரும்பு வழியாக இறங்கிப் போகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பிடுங்கும்வரை நான் நிறுத்தவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மலரை ஒரு கட்டிலிலும் அவரை வேறொரு பக்கத்திலும் போட்டார்கள். மலருக்குச் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். சின்ன வயதில் சீழ் வைத்ததால் அக்காவுக்கு ஒரு காது கேட்காது என்று உனக்குச் சொன்னது பொய். அவரிடம் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, “பரண் மேல இருந்த இரும்புச் சட்டம் கை மேல வுழுந்துடுச்சு,” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. வெட்கமா, பயமா, வேறு ஏதாவதா, எனக்கு இன்றுவரை தெரியாது. கை கூடியது, ஆனால் விரல் மடங்கவில்லை. பிட்டர் வேலை போய் கேட் வேலை கொடுத்தார்கள். இடது கை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கையால் அவர் எங்களில் யாரையும் பிறகு அடித்ததில்லை.

இதைப் படித்துவிட்டு, அம்மா அடித்தாள், அப்பா திருந்தினார் என்று நினைத்துவிடாதே. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தேன். அந்த வீட்டிலிருந்து அடி போகவில்லை குமார். அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது, அவ்வளவுதான். முதலில் அவருக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் அவர் கஞ்சியைச் சட்டையில் சிந்திவிட்டார். கரண்டியை அவர் பல்லில் இடித்தேன். உதடு கிழிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. பிறகு நீ வளர்ந்தாய். நீ பென்சில் தொலைத்தால் அடித்தேன். பதில் பேசினால் அடித்தேன், பேசாமல் நின்றாலும் அடித்தேன். என் கையில் என்ன இருக்கிறதோ அதால் அடித்தேன். அடித்துவிட்டு உனக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். பற்றுப் போடும்போது அழுவேன். என் அழுகையைப் பார்த்து நீ என்னைத் தேற்றுவாய். ஏழு வயதுப் பிள்ளை, முதுகில் வரி வரியாக வீங்கியிருக்க, “அழுவாதம்மா” என்று என் கன்னத்தைத் துடைப்பாய்.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது உனக்கே ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இந்த நோணாங்குப்பத்துக்கு வந்து, யாருடைய படகிலோ ஏறி முகத்துவாரம் வரை போய்விட்டாய். செத்துப்போய்விட்டாய் என்று நினைத்துக் கால் தேயத் தேடினேன். திரும்பி வந்தபோது, சைக்கிள் டியூப்பை நீளமாக அறுத்த ரப்பரால் அடித்தேன். நீ கீழே விழுந்த பிறகும் அடித்தேன். உன் அப்பா கேட் வேலையிலிருந்து வந்து பார்த்து, உன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அவர் முதுகில் விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “போதும், போதும், புள்ள மூச்சு வுடுல பாரு,” என்று மட்டும் சொன்னார். அப்பா என்னைக் காப்பாற்றினார் என்று நீ சாந்தியிடம் சொல்லியிருக்கிறாய். அது நிஜம். மலரின் காதைக் கிழித்ததும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். என்னையும் அப்படித்தான்.

அவர் சாகிறதற்கு ஒரு வருஷம் முன்னால், மலர் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்து போனதும் என்னிடம் சொன்னார்: “பாத்தியா, எப்ப உக்காந்தாலும் கேக்குற காத அந்தப் பக்கம் வச்சிக்கினுதான் உக்காருது. நான் பேசுறது அதுக்குக் கேக்கவே வேணாம்.” அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

பிறகு நீ பரணிலிருந்து சைக்கிளை இறக்கினாய். எந்தச் சாமான் என்ன அளவு என்று அவர் எழுதி வைத்திருந்த நோட்டைத் தேடி எடுத்தாய். பட்டறையில் அந்தப் பிரெஞ்சு மரையை நீயே வெட்டி, அச்சைத் திருகி, அது கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியதை எனக்குக் காட்டினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பழையபடி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பொறுமைசாலிப் பிள்ளை என்று சாந்தியின் அம்மாவிடம் சொன்னதும் நான்தான். எல்லாம் தெரிந்த நானே மறுபடி அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன் பார்.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாத விஷயம். நேற்று, புதன்கிழமை, நான் முத்தியால்பேட்டைக்குப் போனேன். என் தம்பி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, மலரையும் கூட்டிக்கொண்டு. சாந்தியை உட்கார வைத்து, மேலே எழுதியிருப்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மலர் தன் காதைக் காட்டினாள். அந்தப் பெண் அழவில்லை. ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். தோளுக்குக் கீழே பழுத்துப்போன மஞ்சள் நிறத்தில் நான்கு விரல் தடம். “இது சினிமாவுக்கு லேட்டா வந்தேன்னு,” என்றாள். பிறகு முடியை விலக்கிக் காதுக்குப் பின்னால் ஆறிப்போன ஒரு காயத்தைக் காட்டினாள். “இது கண்டக்டரு கிட்ட சிரிச்சுப் பேசினேன்னு. அடிச்சுட்டு அழுவுறாரு அத்த. அழுவுறதப் பாத்தா பாவமா இருக்குது. அதான் யாருகிட்டயும் சொல்லல.”

அடித்துவிட்டு அழ உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

“உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு,” என்றேன். “வேணாம் அத்த. ஆனா நான் சொன்னா அப்பா என்னக் கொன்னுடுவாரு. நீங்க சொல்றீங்களா?” என்றாள்.

சொன்னேன். தம்பி வந்ததும், மாப்பிள்ளையின் அம்மா எனக்கு இஷ்டமில்லை, கல்யாணம் நிற்கட்டும் என்றேன். சாந்தியின் பேச்சையே எடுக்கவில்லை. காரணம் கேட்டான். “எம் புள்ளைக்கு இப்ப கல்யாணம் கட்டிவைக்க முடியாது. அவன் கை நீட்டுறான்,” என்றேன். “ஆம்பள கை நீட்டாம காலையா நீட்டுவான்,” என்று சிரித்தான். நான் பிடிவாதமாக நின்றதும் சிரிப்புப் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கி என் முகத்தில் எறிந்தான். தலைமுடியைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்து தெருவில் தள்ளினான். “இனிமே நீ எனக்கு அக்காவும் இல்ல, நான் உனக்குத் தம்பியும் இல்ல. செத்தாலும் சொல்லியனுப்பாத,” என்றான். தெருவே பார்த்தது. முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. மலர் என்னைத் தூக்கிவிட்டாள். எனக்கென்று இருந்த பிறந்த வீடு அது ஒன்றுதான். சாந்தியை அன்றே அவள் பெரியம்மா வந்து விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதையும் நான்தான் ஏற்பாடு செய்தேன். நீ தேடிக்கொண்டு போகாதே. போனால் அவர்கள் உன்னை அடிக்கட்டும், அதில் நான் குறுக்கே வர மாட்டேன்.

ஊர் என்ன சொல்லும் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தச் சைக்கிளை உடைக்கத் தோன்றும். உடைக்காதே, அது ஒன்றும் செய்யவில்லை, அதன்மேல் பழிபோட்டு நீ தப்பித்துக்கொள்ளக் கூடாது. முடிக்க வேண்டுமானால் முடி. விற்க வேண்டுமானால் விற்றுவிடு. ஆனால் ஒரு எழுத்து அழிந்துபோனதற்காக ஒரு பெண்ணின் கையை முறுக்கினேன் என்று உன் வாயால் சொல்லிப் பார். சத்தமாகச் சொல்லு. நான் உன் அப்பா கையை உடைத்தது சரிதான் என்று இத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை சாந்தி முன்னால் சத்தமாகச் சொன்னபோதுதான் அது எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்பாய். யோக்கியதை இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கும். அந்த நொடியில் நமக்குத் தெரியும், நான் அடிக்கப்போகிறேன் என்று. கண் மறைத்துவிட்டது, என்ன செய்தேன் என்றே தெரியவில்லை என்று பிறகு சொல்வதெல்லாம் பொய். எனக்குத் தெரிந்தது. உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். உனக்கும் தெரியும். இல்லாவிட்டால் பட்டறை முதலாளி ஏசும்போது ஏன் உன் கை சும்மா இருக்கிறது? அந்த நொடியில் திரும்பி வெளியே நட. எங்கேயாவது நட. நான் ஒரு தடவைகூட நடந்ததில்லை. உன் முதுகில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் முன்னால் எனக்கு அந்த நொடி இருந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிள்ளையிடம் தாய் கேட்கலாமா என்று பார்க்கவில்லை. கேட்காமல் போனவரைப் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நான் நம் வீட்டுக்கு வருகிறேன். உன்னை விட்டு ஓடிப்போக எனக்கு எண்ணமில்லை. சோறாக்கிப் போடுவேன். கத்த வேண்டுமானால் என்னிடம் கத்து, கேட்டுக்கொள்கிறேன். கை ஓங்கினால் திருப்பி அடிக்க மாட்டேன், நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுப்பேன். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மலர் படித்துவிட்டாள். பெண்டாட்டியோடு நீ வருவாய் என்று உனக்காகவே வாங்கி வைத்த பாயைத் திண்டோடு சுருட்டி மேலே வைத்துவிட்டாள். நீ எப்போது வந்தாலும் மீன் வாங்கிக் குழம்பு வைத்துப் போடுவதாகச் சொல்லச் சொன்னாள். ஆனால் குழந்தையை உன்னிடம் தூக்கிக் கொடுக்க மாட்டாளாம். மாமா மாமா என்று உன் கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. அதைக் கேட்டதும் எனக்கே தாங்கவில்லை. “எவ்ளோ நாளைக்கிடி இப்புடி?” என்று கேட்டேன். நான் நின்ற பக்கம் கேட்காத பக்கம். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“அது அவன் கையிலதாம்மா இருக்குது,” என்றாள்.

உன் அம்மா